கடலோர வளவுக்கேற்ற மரஞ்செடிகளும் சிப்பிப் பரப்பும்

கீரிமலைப் பகுதி நெற்செய்கையாளருக்கும் மரக்கறித் தோட்டக்காரருக்கும் உரிய குறிப்பு

கீரிமலைக் கேணியில் நீராடியவர் எவரும் ஒரு புதுமையைக் கண்டிருப்பர். சில அடி தூரத்தில் உப்புக்கடல் அலைவீசுகின்றது; கேணியிலோ நன்னீர் ஊறுகின்றது. இந்நீர் மலையிலிருந்து வருவதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயர்ந்த மலையுமில்லை; வற்றாத ஆறுமில்லை. மாரியில் வலிகாமத்து நிலத்தின்மேற் பெய்த மழையே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களினூடாக இறங்கி, நிலத்தின்கீழ்த் தங்கி, மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்ந்து, அவ்விடத்தில் வெளிப்படுகின்றது. நகுலேஸ்வரர் கோயிலுக்கு வருவோர் தீர்த்தமாடுவதும் அந்நீரிலேயே. உங்கள் கிணற்றில் நீங்கள் அள்ளுவதும் அவ்வாறு இறங்கிய மழைநீரையே.

ஆகவே இப்பகுதியில் வீட்டு வளவை அழகுபடுத்த எண்ணுபவர், எதனை நடுவது, எதனால் நிலத்தை மூடுவது என்று தீர்மானிக்குமுன், தாம் செய்யப்போவது கிணற்றுக்கு நன்மையா தீமையா என்று ஆராய்தல் வேண்டும். முற்றத்துப் பூஞ்செடியும் பின்புறத்து வெங்காயப் பாத்தியும் ஒரே கிணற்றை நம்பி வாழ்வன. முற்றத்திற் செய்யும் பிழை பாத்தியிலே வெளிப்படும். கடலோர வளவுக்கு ஏற்றவை மூன்று குணங்கள் உடையனவாதல் வேண்டும்: உப்புக் காற்றைத் தாங்குதல், குறைந்த நீரிற் பிழைத்தல், மழைநீரை நிலத்துள் இறங்க விடுதல். இம்மூன்றையும் மனத்திற்கொண்டு இக்குறிப்பு எழுதப்படுகின்றது.

நிலத்தின் கீழுள்ள நீர்

நன்னீர் கடல்நீரிலும் பாரங் குறைந்தது. ஆதலால் குடாநாட்டின் நிலத்தடியில் நன்னீரானது உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. உள்நாட்டில் அவ்வில்லை தடித்தும், கடலோரத்தில் மெலிந்தும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபென் என்பவரும், 1901ஆம் ஆண்டில் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்டறிந்த கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும். இறைப்பினால் மேலே 1 அடி குறைந்து அந்நிலையிலேயே நிற்குமாயின், கீழேயுள்ள உவர்நீர் 40 அடி மேலேறும். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் குகையும் இருத்தலால் இக்கணக்கு இடத்துக்கிடம் மாறுபடும். வெடிப்பின் வழியே உவர் இன்னும் விரைவாக ஏறுதலும் உண்டு.

துலாவினால் இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஒருமுறை உவரேறிய கிணறு அடுத்த மழையோடு தெளியும் என்று எண்ணுதல் தவறு. அது மீண்டும் நன்னீராதற்குப் பல மாரிகள் செல்லக்கூடும். இக்காரணத்தால் கடலோர வளவிற் புற்றரை அமைத்து நாடோறும் நீர் பாய்ச்சும் வழக்கம் விரும்பத்தக்கதன்று. ஒரு பரப்பு நிலத்திற் புல் வளர்த்து, நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவு நீர் பாய்ச்சினால், ஏறக்குறைய 1,250 லீற்றர் நீர் செலவாகும். அந்நீரைக்கொண்டு அதே அளவான மரக்கறித் தோட்டத்தைக் காப்பாற்றலாம்.

மறுபக்கத்தையும் நோக்குக. ஒரு பரப்பு நிலத்தின்மேல் 1 அங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 6,400 லீற்றர். வெயிலில் ஆவியாவதும் வேர்கள் உறிஞ்சுவதும் போக எஞ்சியது கிணற்றைச் சேரும். முற்றம் முழுவதையும் சீமெந்தினால் மூடியவர் இவ்வருவாயை வழிந்தோட விடுகின்றார். சிப்பி, ஊரி, கல் முதலியவற்றால் மூடிய முற்றமோ மழையைத் தடையின்றி உள்ளே விடும். சிப்பிப் பரப்பின் முதற் சிறப்பு அதன் வெண்மையன்று. நீரை இறங்கவிடும் இத்தன்மையேயாகும்.

மண்ணின் தன்மை

வலிகாமத்தின் உட்பகுதியிற் செம்பாட்டு மண் ஆழமாகவுண்டு. கடலை அணுக அணுக மண் மெலிந்து, பல வளவுகளில் ஓரடி இரண்டடிக்குள் சுண்ணாம்புக்கல் தட்டும். காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கு அகழ்ந்தெடுக்கப்பட்டதும் இக்கல்லே. இத்தகைய நிலம் இயல்பாகவே சுண்ணாம்பு மிகுந்தது. சிப்பியும் பெரும்பாலும் அதே சுண்ணாம்புப் பொருளாலானது. ஆதலின் சிப்பியைப் பயிரின் வேரடியில் இடுவது, சுண்ணாம்பு மிகுந்த நிலத்துக்கு மேலும் சுண்ணாம்பு சேர்ப்பதாகும்.

இலங்கையின் ஈரவலயத்திலுள்ள அமிலத்தன்மை வாய்ந்த வயல்களுக்குச் சுண்ணாம்பு இடுமாறு ஆலோசனை கூறப்படுவதை நெற்செய்கையாளர் கேட்டிருக்கலாம். அவ்வாலோசனை அம்மண்ணுக்கே உரியது, இங்குப் பொருந்தாது.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும், அது கரையாத நிலையில் நிற்பதால் வேர்கள் அதனை எடுக்கமாட்டா. அப்பொழுது இளந்தளிர்கள் மஞ்சள் நிறமடையும். நரம்புகள் மாத்திரம் பச்சையாக நிற்கும். நீர் போதாமையாலென்று கருதிப் பலர் மேலும் நீர் ஊற்றுவர். இது பயனற்றது. கூட்டெருவும் மக்கிய குழையும் இடுவதே நிலையான பரிகாரம். அவசரத்துக்குப் பெரசு சல்பேற்றை 0.5 வீதக் கரைசலாக, அதாவது 1 லீற்றர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, மாலை வேளையில் இலைகளின்மேற் றெளிக்கலாம். முதலில் ஒரு கிளைக்குத் தெளித்துப் பார்த்து, இலை கருகாவிடின் மற்றவற்றுக்குத் தெளிக்குக.

காற்றின் திசை

கீரிமலை வடக்குக் கடலைப் பார்த்த ஊர். ஆகையால் இங்கு உப்பைச் சுமந்து வருவது முக்கியமாக வாடைக் காற்றேயாகும். மாரிக் காலத்தில் அது வீசும்போது அலையிலிருந்து தெறிக்கும் நுண்டுளிகள் இலைகளிற் படியும். மழை தொடர்ந்தால் உப்புக் கழுவப்படும். மழையின்றிக் காற்று மாத்திரம் வீசினால் இலை நுனியும் ஓரமும் கருகும். வைகாசி முதலாக வீசும் சோளகம் தரைப்பக்கத்திலிருந்து வருவதால் இங்கு உப்புக் குறைவு. ஆனால் அது மண்ணையும் செடியையும் வெகுவாக உலர்த்தும். எனவே வடக்கும் வடகிழக்குமான எல்லையில் உப்பைத் தாங்கும் மரங்களும், தெற்கும் தென்மேற்குமான எல்லையிற் காற்றைத் தணிக்கும் வேலியும் வேண்டும்.

காற்றைத் தடுப்பதற்கு உயர்ந்த மதிலே சிறந்ததென்று கருதுவோர் உளர். மதிலில் மோதிய காற்று மேலே எழும்பி, மறுபுறத்திற் சுழன்று விழுந்து செடிகளை முறிக்கும். இலைகளினூடாகச் சிறிது காற்றை விடும் உயிர்வேலியோ அதன் வேகத்தைத் தணித்து அனுப்பும். அத்தகைய வேலியின் பயன், அதன் உயரத்தைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு தூரம்வரை தெரியும். 12 அடி உயர்ந்த பூவரச வேலி 120 அடிவரையுள்ள பாத்திகளுக்குத் துணையாகும் என்று கொள்ளலாம்.

மூன்று நிரைகளாக நடுதல்

கடலிலிருந்து வீட்டையும் தோட்டத்தையும் நோக்கி மூன்று நிரைகளாக மரஞ்செடிகளை ஒழுங்குசெய்தல் நன்று.

முதல் நிரை, கடற்பக்க எல்லை. மணற்பாங்கான இடத்தில் அடம்பன், இராவணன் மீசை ஆகியவை தாமாகவே படர்ந்திருக்கும். இவற்றைக் களையென்று பிடுங்கலாகாது. இவையே மணலைக் கட்டி வைப்பன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று முன்னோர் கூறியது கடற்கரையில் உண்மையாகவே நிகழ்வதாகும். இவற்றுக்குப் பின்னால் தாழையை நடலாம். அது விழுதூன்றி நின்று நேரே வரும் உப்புக் காற்றை ஏற்கும். அதன் ஓலையில் முள் உண்டாதலால், நடைபாதைக்கு அண்மையில் நடலாகாது.

இரண்டாம் நிரை, உயர்ந்த மரங்கள். புன்னை கடற்கரைக்கே உரிய மரம். மெல்ல வளரும், ஆயினும் என்றும் பசுமையாயிருந்து அடர்ந்த நிழல் தரும். பூவரசு கதியாலாக நட்டாற்றானே வேரூன்றும்; அதன் குழை தோட்டத்துக்குப் பசளையும் ஆட்டுக்குத் தீனுமாகும். நாட்டு வாதுமையும் இவ்விடத்துக்கு ஏற்றது. பனை உப்புக் காற்றையும் வரட்சியையும் ஒருங்கே தாங்கும். பனங்கன்றைப் பெயர்த்து நடுதல் பெரும்பாலும் பலிப்பதில்லையாதலின், கொட்டையை நிற்கவேண்டிய இடத்திலேயே புதைத்தல் வேண்டும். தென்னையும் கடற்காற்றைத் தாங்கும். ஆனால் உவர்நீர் தேங்கி நிற்கும் பள்ளத்திற் செழிக்காது. தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி விடுக. காரைநகர்க் கடற்கரையிற் பெயர்பெற்ற சவுக்கு விரைவாக வளர்வதாயினும், அதன் சருகு விழுந்த இடத்தில் வேறொன்றும் எளிதில் முளையாது. எனவே சவுக்கை எல்லைக்கு மாத்திரம் வைத்துக்கொள்ளுதல் நன்று, வீட்டருகில் வேண்டாம்.

மூன்றாம் நிரை, காப்புக்கு உட்பட்ட பழமரங்கள். சப்போட்டா உப்பை நன்கு தாங்கும் பழமரங்களுள் ஒன்று. மாதுளை சுண்ணாம்பு மண்ணுக்கும் ஓரளவு உவருக்கும் ஈடுகொடுக்கும். இலந்தை, வேம்பு, முருங்கை ஆகியவையும் இந்நிரையிற் பொருந்தும். மா, தேசி, வாழை ஆகியவை உவருக்கு மெலிந்தவை. கறுத்தக்கொழும்பான் மாமரத்தை விரும்பாதார் இல்லை. ஆயினும் அதனை வீட்டின் தெற்குப் புறத்தில், கட்டடமும் மரங்களும் வாடையை மறைக்கும் இடத்திலே நடுக.

மரக்கறிப் பாத்திகள் இம்மூன்று நிரைகளுக்கும் அப்பால் அமைதல் வேண்டும். போஞ்சி, கரட், வெங்காயம் ஆகியவை உவருக்கு மிக மெலிந்தவை, மிளகாயும் கோவாவும் அவற்றிற் சிறிதே வலியவை, தக்காளி நடுத்தரமானது, பீற்றூட் நன்கு தாங்கும். நெல், நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவரால் அதிகம் பாதிக்கப்படும்.

பூஞ்செடிகள்

கடற்காற்று நேரே படும் முற்றத்துக்குக் காகிதப்பூ எனப்படும் போகன்வில்லா, நித்தியகல்யாணி, கற்றாழை ஆகியவை ஏற்றவை. இவை வேரூன்றிய பின்னர் அதிக நீர் கேட்பதில்லை. அதிக நீர் ஊற்றினால் போகன்வில்லா இலைவிட்டுப் பூக்குறையும்.

செவ்வரத்தை, மல்லிகை, குரோட்டன் ஆகியவற்றை வீட்டின் மறைவில் வளர்க்கலாம். வெட்சியும் ரோசாவும் விரும்புவோர் அவற்றை நிலத்தில் நடாது, செம்பாட்டு மண்ணும் கூட்டெருவும் கலந்து நிரப்பிய சாடிகளில் வளர்க்க. வெட்சி சுண்ணாம்பை வெறுக்கும் செடி. புதிதாகக் கட்டிய சுவரின் ஓரத்தில் நட்ட வெட்சிகூட, சாந்திலிருந்து கசியும் சுண்ணாம்பினால் மஞ்சளிப்பதைக் காணலாம்.

அலரியும், பொன்னலரி எனப்படும் மஞ்சள் அலரியும் உப்பையும் வரட்சியையும் தாங்குவனவே. ஆயினும் அவற்றின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. மஞ்சள் அலரி விதையினால் இந்நாட்டிற் பல உயிர்கள் அழிந்துள்ளன. மனிதரும் ஆடுமாடுகளும் நடமாடும் வளவில் அவற்றை நடாதொழிக. இருப்பவற்றை வேரோடு அகற்றுக. நித்தியகல்யாணியையும் கால்நடைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். சீமைக்கருவேல் எவ்விடத்தும் பிழைக்குமென்று கூறி அதனை வேலிக்கு நடலாகாது. மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் அது பரவி நிலத்தைக் கவர்ந்துகொண்டமை நமக்கு எச்சரிக்கையாகும்.

சிப்பிப் பரப்பு: எங்கே நன்று, எங்கே தீது

கடலோர நாடுகள் பலவற்றில் நடைபாதைக்கும் முற்றத்துக்கும் சிப்பி பரப்புவர். நமது பகுதியிலும் ஊரி, மட்டி, சிப்பி ஆகியவற்றைச் சுண்ணாம்பு சுடுவதற்கும் நிலத்திற் பரப்புவதற்கும் பயன்படுத்தியுள்ளனர். அதனைப் பின்வரும் இடங்களிற் பரப்பலாம்:

1. வாயிலிலிருந்து வீடுவரையுள்ள நடைபாதையும், வண்டி நிற்கும் இடமும்.

2. கூரைநீர் விழும் தாழ்வாரத்தடி. இங்குச் சிப்பி மண்ணரிப்பைத் தடுத்து, நீரை அவ்விடத்திலேயே இறக்கும்.

3. கற்றாழை, தாழை, போகன்வில்லா ஆகியவற்றின் சுற்றுப்புறம்.

4. கிணற்றைச் சூழ்ந்த சீமெந்துத் தளத்துக்கு அப்பாலுள்ள நிலம். தளத்தை உடைத்துவிட்டுச் சிப்பி பரப்புதல் கூடாது. குளித்த நீரும் சவர்க்கார நீரும் கிணற்றுள் இறங்காது காப்பது அத்தளமே.

பின்வரும் இடங்களில் அதனைப் பரப்பலாகாது:

1. மரக்கறிப் பாத்தியிலும், தேசி, வெட்சி, ரோசா ஆகியவற்றின் அடியிலும். மேற்கூறிய மஞ்சளிப்பு நோய் மிகும். வெண்சிப்பி வெயிலைத் தெறித்து இளங்கன்றின் இலைகளையும் வாட்டும்.

2. நெல்லும் மிளகாயும் உலர்த்தும் களத்திலும் அதன் அருகிலும். சிப்பித் துண்டு நெல்லோடு கலந்தால் குற்றுவோருக்கும் உண்போருக்கும் கேடு.

3. மாட்டுக் கொட்டிலிலும் குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடும் இடத்திலும்.

கோழி வளர்ப்போருக்கு ஒரு குறிப்பு: நொறுக்கிக் கழுவிய சிப்பியைத் தனிப் பாத்திரத்தில் வைத்தால், முட்டையிடும் கோழிகள் வேண்டிய அளவு கொத்தித் தின்னும். முட்டையோடு உறுதிப்பட இச்சுண்ணாம்பு உதவும்.

சிப்பி பரப்பும் முறை

முதலில் நிலத்தை 2 அல்லது 3 அங்குலம் செதுக்கி, கோரைக்கிழங்கை முற்றாக அகற்றுக. கோரை இருந்தால் சிப்பியைத் துளைத்துக்கொண்டு வரும். பின்னர் நிலத்தை நிரவி, லேசாக இடித்து இறுக்கி, இரு ஓரத்திலும் சுண்ணாம்புக்கல்லையோ பனைத் துண்டையோ வரம்பாக வைக்குக. அதன்மேல் சிப்பியை 2 அங்குலத் தடிப்பிற் பரப்புக. 3 அடி அகலமும் 30 அடி நீளமுமுள்ள பாதைக்கு 15 கன அடி சிப்பி போதும்.

களை முளையாதிருக்க அடியிற் பொலித்தீன் விரிக்கும் வழக்கம் பரவியுள்ளது. அது மழைநீரை நிலத்துள் விடாதாதலால், சிப்பி பரப்பியதன் பயனையே கெடுத்துவிடும். ஆகவே அதனைத் தவிர்க்குக. முளைக்கும் களையை மாதத்துக்கொருமுறை கையாற் பிடுங்கினால் போதும்.

கடலிலிருந்து வந்த சிப்பியில் உப்பு ஒட்டியிருக்கும். ஒரு மாரி முழுவதும் மழையிற் கிடக்கவிட்டே பரப்புதல் வேண்டும். அக்குவியல் கிணற்றுக்கும் பாத்திக்கும் அப்பாலிருத்தல் அவசியம். உப்புப் போயிற்றா என்று அறிய, ஒரு சிரட்டைச் சிப்பியை நன்னீரில் ஓர் இரவு ஊறவிட்டு, அந்நீரின் மின்கடத்து திறனை அளந்து பார்க்கலாம். அளக்கும் கருவி விவசாய அலுவலகங்களிற் கிடைக்கும்.

பெரிய சிப்பியும் சங்கும் முழுதாகக் கிடக்கலாகாது. வாய் மேனோக்கிய ஒரு சங்கிலே தேங்கும் சிறிதளவு நீர், டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்குப் போதுமானது. உருண்டையானவற்றை நொறுக்கிப் பரப்புக. அழகுக்காக வைப்பவற்றைக் கவிழ்த்து வைக்குக. சிரட்டைகளுக்கும் இவ்விதியே.

சிப்பி எங்கிருந்து பெறுவது

கரைக்குச் சென்று சாக்கிலே அள்ளி வரலாமென்று எண்ணற்க. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கரையோர வலயத்தில் மணல், முருகைக்கல், சிப்பி, இயற்கைத் தாவரம், கடற்புல் ஆகியவற்றை அகற்றுதல் அனுமதி வேண்டிய செயல்களுள் அடங்கும். அவ்வலயம் கடல்நீர் உயர்ந்து நிற்கும் எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர்வரை செல்லும். முருகைக்கல் அகழ்தல் 1988ஆம் ஆண்டின் திருத்தத்தாற் றடைசெய்யப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, கரையிலுள்ள மணலும் சிப்பியுமே அலைக்கும் உங்கள் காணிக்கும் இடையிலுள்ள வேலி. அதனை அள்ளி முற்றத்திற் பரப்புதல், வேலியைப் பிடுங்கி விறகாக்குவது போலாகும். விலைக்கு வாங்குபவர், விற்பவரிடம் அனுமதிப் பத்திரம் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும்.

சிப்பி கிடையாவிடின் குறையொன்றுமில்லை. கிணறு வெட்டிய கல், இடிந்த வீட்டின் உடைந்த ஓடு, சுண்ணாம்புக் கற்சல்லி ஆகியவை அதே பயனைத் தரும். ஆயினும் அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை ஒருபொழுதும் நொறுக்கலாகாது. அதன் நுண்டூசு மூச்சோடு உட்சென்று நுரையீரலைக் கெடுக்கும்.

பாத்திக்கு ஏற்ற மூடுபடை

மரக்கறிப் பாத்திக்கும் பழமரத்தின் அடிக்கும் சிப்பிக்குப் பதிலாக வைக்கோல், உமி, பனையோலை, பூவரசங் குழை ஆகியவற்றை இடுக. இவை மண்ணின் ஈரத்தைக் காத்து, மக்கியபின் பசளையுமாகும். 2 முதல் 3 அங்குலத் தடிப்புப் போதும். தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுக. நெல் விளைவிப்பவரிடம் வைக்கோலும் உமியும் உண்டு. தோட்டக்காரரிடம் குழையும் ஓலையும் உண்டு. இருவரும் மாற்றிக்கொள்ளலாம். நமது முன்னோர் பழைய வேலி ஓலையையும் கூரை ஓலையையும் தோட்டத்திற் புதைத்தமை இக்காரணத்தாலேயே. அனுமதியோடு பெற்ற சாதாழையும் நல்ல பசளையே. ஆனால் மழையில் உப்புக் கழுவப்பட்டு, கூட்டெருவில் மக்கிய பின்னரே அதனை இடுதல் வேண்டும்.

நடுகைக் காலமும் பராமரிப்பும்

ஐப்பசியில் முதன்மழை நிலத்தை நனைத்தவுடன் நடுதல் சிறந்தது. மாரி முழுவதும் வேரூன்றக் காலம் கிடைக்கும். கிணற்று நீரும் மிஞ்சும். மரக்கன்றுகளுக்கு 3 அடி நீள அகல ஆழமுள்ள குழி வெட்டி, கல் தட்டினால் அலவாங்கினால் உடைத்து, மேல்மண்ணும் கூட்டெருவும் கலந்து நிரப்புக. உடைத்த கல்லைக் குழியில் இடாது நடைபாதைக்கு வைத்துக்கொள்க. முதல் மாரியில் வாடைப் பக்கமாகக் கிடுகு மறைப்புக் கட்டுதல் வேண்டும். மழையின்றி வாடை வீசிய நாட்களில், காலையிற் சிறிதளவு நன்னீரால் இலைகளைக் கழுவிவிடுக.

முதல் இரண்டு கோடையிலும் வாரத்துக்கு இருமுறை அடியிற் படுமாறு நீர் விடுக. நாடோறும் சிறிது சிறிதாக ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும். அதன்பின் கடலோர மரங்களுக்கு நீர் வேண்டியதில்லை.

கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, மாரி முடிவிலும் கோடை முடிவிலும், பரிசோதிப்பித்தல் நன்று. ஐக்கிய நாடுகள் உணவு விவசாயத் தாபனத்தின் வழிகாட்டியின்படி, பாசன நீரின் மின்கடத்து திறன் மீற்றருக்கு 0.7 டெசிசீமெனுக்குக் குறைவாயின் எப்பயிருக்கும் ஏற்றது, 0.7 முதல் 3.0 வரை பயிரைத் தெரிந்து இறைத்தல் வேண்டும், 3.0க்கு மேற்படின் பெரும்பாலான மரக்கறிகளுக்கு உதவாது. அளவு ஆண்டுக்காண்டு ஏறுமாயின் இறைப்பைக் குறைத்து, ஒரே நாளில் நீண்டநேரம் இறைப்பதை விடுத்து, இடைவிட்டு இறைக்குக.

மீளக் குடியேறியோர் கவனத்துக்கு

வலிகாமம் வடக்கின் மக்கள் 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்த பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்படத் திரும்பினர். வேலியும் மரமும் அழிந்து, பற்றை மூடிய வளவுகளையே பலர் கண்டனர். அத்தகைய காணியைத் துப்புரவாக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் இயந்திரத்தால் வழித்தெடுத்தல் கூடாது. தானாக முளைத்த வேம்பு, பூவரசு, வடலி ஆகியவை காற்றுக்குப் பழகியவை. புதிதாக நடும் மரம் அந்நிலையை அடையப் பல ஆண்டுகள் செல்லும். வடக்கு எல்லையிலுள்ளவற்றை விட்டுவைத்து, அவற்றின் மறைவிற் புதியவற்றை நடுக. மெலிந்த மேல்மண்ணும் இயந்திரத்தோடு போய்விட்டால் மீண்டும் கிடைப்பதரிது. ஐயத்துக்குரிய உலோகப் பொருள் மண்ணிற் காணப்படின், தொடாது விலகிப் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

கைவிடப்பட்ட கிணற்றைத் துப்புரவாக்கும்போது, உள்ளே இறங்குமுன் நஞ்சுக்காற்று உண்டாவென்று தக்கவரைக்கொண்டு சோதிப்பித்தல் அவசியம். தனியே எவரும் இறங்கலாகாது.

சுருக்கம்

1. முற்றத்தைச் சீமெந்தினால் மூடற்க; மழையை நிலத்துள் விடுக.

2. வடக்கெல்லையில் தாழை, புன்னை, பூவரசு, பனை, அவற்றின் மறைவிற் பழமரம், அதற்கப்பால் மரக்கறி.

3. சிப்பி பாதைக்கு, வைக்கோலும் குழையும் பாத்திக்கு.

4. சிப்பியை ஒரு மாரி கழுவியும், பெரியவற்றை நொறுக்கியும் பரப்புக. கரையிலிருந்து அனுமதியின்றி அள்ளற்க.

5. தளிர் மஞ்சளித்தால் நீரை அன்று, எருவையே கூட்டுக.

6. கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிப்பிக்குக.

உங்கள் வளவின் மண்ணும் காற்றும் அயல் வளவிலிருந்து வேறுபடலாம். நடுகைக்கு முன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை வளவுக்கு அழைத்துக் காட்டி ஆலோசனை பெறுக. இம்மாரியில் நடும் ஒரு பூவரசங் கதியாலும், மூடாது விடும் ஒரு சாண் நிலமும், வருங் கோடையில் உங்கள் கிணற்றின் நன்னீரைக் காப்பனவாகும்.